கார் தானா பிரேக் அடிக்குமாமே? கேள்வி பதில்

காருக்குள் வந்திருக்கும் ஏஐ, அதாவது நம்ம ஊரில் எல்லோரும் ‘அடாஸ்’ (ADAS) என்று சொல்லும், ஓட்டுபவருக்கு உதவும் கேமரா, ரேடார் சமாச்சாரங்களைப் பற்றிக் கேளுங்கள். அந்த கேமராவையும் ரேடாரையும் சரிபார்த்து அளவு வைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதைப் பற்றிக் கேட்டால் நீளமாகப் பேசுவேன். எந்த பட்ஜெட்டில் எந்த கார், டிஸ்கவுன்ட், வெயிட்டிங் பீரியட் எல்லாம் ஷோரூமில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேடவாக்கம்: சார், லாரியிலிருந்து கல் தெறிச்சு முன் கண்ணாடி விரிசல் விட்டுப்போச்சு. சர்வீஸ் சென்டர்ல கண்ணாடி விலை போக ‘கேலிபரேஷன்’னு தனியா ஒரு தொகை கேக்கறாங்க. வெளிய மாத்தினா பாதிச் செலவுதான். தலையில மிளகாய் அரைக்கிறாங்களா?

இல்லை சார், இதில் அரைக்கவில்லை. உள்ளே ரியர் வியூ கண்ணாடிக்குப் பின்னால், முன் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறதே, கேமரா அதற்குள்தான் இருக்கிறது. கண்ணாடி மாற்றும்போது அதைக் கழற்றி மாட்டியாக வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் ஒரே ஒரு டிகிரி திரும்பி உட்கார்ந்தால் 50 மீட்டர் தூரத்தில் 87 சென்டிமீட்டர் விலகல், 100 மீட்டரில் 1.75 மீட்டர். நெடுஞ்சாலை லேனின் அகலமே 3.5 மீட்டர்தான், அதில் சரிபாதி போய்விட்டது. பக்கத்து லேனில் போகும் லாரி உங்கள் நேர் எதிரில் இருப்பதாக நினைத்துத் திடுக்கென்று பிரேக் அடிக்கும். நேரே போகும் பைக்கைப் பக்கத்து லேன் என்று நினைத்துப் பேசாமல் இருக்கும்.

கேலிபரேஷன், அதாவது அளவு வைப்பது என்றால் வண்டியைச் சமதளத் தரையில் நிறுத்தி, டயரில் காற்று பார்த்து, டிக்கியில் இருக்கும் மூட்டை முடிச்சை இறக்கிவிட்டு, கட்டம் போட்ட பலகையைக் கம்பெனி சொன்ன தூரத்தில், உயரத்தில் நிறுத்தி, வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனரை மாட்டி, ‘இதுதான் நேர்’ என்று கேமராவுக்குப் பாடம் எடுப்பது. சில மாடல்களுக்குப் பலகை வேண்டாம். ஸ்கேனரை மாட்டிக்கொண்டு கோடு தெளிவாக இருக்கும் ரோட்டில் சொன்ன வேகத்தில் ஓட்டினால் தானே கற்றுக்கொள்ளும். அப்படி ஒரு ரோட்டைச் சென்னைக்குள் தேடிப் பிடிப்பதில்தான் எங்கள் பாதி நாள் போகிறது.

வெளியே மாற்றுங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் மாடலின் கேமரா வைத்த வேரியன்ட்டுக்கான கண்ணாடிதானா என்று பாருங்கள். கேமரா பார்க்கும் இடத்தில் கண்ணாடி நெளிந்திருந்தால் படமும் நெளியும். புதுப்பேட்டையில் கழற்றி விற்கும் கண்ணாடியை இதற்கு வாங்கவே வாங்காதீர்கள். வேலை முடிந்ததும் கேலிபரேஷன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அசோக் நகர்: 15 லட்சம் பட்ஜெட். அடாஸ் இருக்கிற எந்த கார் எடுக்கலாம் சார்?

மேலே முதல் பத்தியின் கடைசி வரியைப் படிக்கவும்.

தாம்பரம்: ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையிலிருந்து மீட்டர்ல ‘ரேடார் மறைக்கப்பட்டுள்ளது’ன்னு வருது. சென்சார் போயிடுச்சா அண்ணா?

சென்சார் நன்றாகத்தான் இருக்கும். முன்னால் போய்ப் பாருங்கள். பல கார்களில் ரேடார் கம்பெனி லோகோவுக்குப் பின்னாலோ, கீழே பம்பர் நடுவிலோதான் உட்கார்ந்திருக்கும். நாம் சந்தனத்தைக் குழைத்து அப்புவதும் சரியாக அந்த லோகோ மேல்தான். பூமாலையில் ஜிகினாத்தாள் சுற்றியிருந்தால் இன்னும் விசேஷம்; அது உலோகம், அலையை அப்படியே திருப்பி அடிக்கும். ஈரத்துணியால் துடையுங்கள், சரியாகிவிடும். அடுத்த வருஷம் பொட்டை பானெட் மேல் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

இதே காரணத்துக்காகத்தான் சொல்கிறேன்: கார் அலங்காரக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுக்குப் போய் வண்டிக்கு முன்னால் கம்பி கிரில் மாட்டாதீர்கள். மத்திய அரசு 2017-லேயே அதைத் தடை செய்துவிட்டது. ரேடாரை மறைக்கும், ஏர்பேக் சென்சாருக்குப் போகும் அதிர்ச்சியையும் மாற்றிவிடும். பம்பரில் உரசல் விழுந்தால் டிங்கர் கடையில் பட்டி தடவி பெயின்ட் அடிக்கும்போதும், ரேடாருக்கு முன்னால் வரும் இடத்தில் பட்டி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஊரப்பாக்கம்: வாராவாரம் திண்டிவனம் தாண்டி ராத்திரியில போய் வர்றேன். க்ரூஸ் போட்டுட்டா முன்னாடி நிக்கிற லாரிக்கு வண்டி தானா நிக்குமா?

க்ரூஸ் என்பது வேகத்தையும் முன் வண்டியோடு இடைவெளியையும் தானே பார்த்துக்கொள்ளும் வசதி. அதைப் போட்டால் வண்டி நிற்கலாம், நிற்காமலும் போகலாம். இதை இங்கே யாரும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ரேடார் 77 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, திரும்பி வருவதின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து வேகத்தைக் கணக்குப் போடுகிறது. முன்னால் ஓடும் வண்டி பளிச்சென்று தனியாகத் தெரியும். நிற்கும் லாரி அப்படியில்லை. மேம்பாலத் தூண், வழிகாட்டிப் பலகை, ரோட்டில் பதித்த இரும்பு மூடி எல்லாம் எந்த வேகத்தில் உங்களை நோக்கி வருகின்றனவோ, லாரியும் அதே வேகத்தில்தான் வருகிறது. அத்தனைக்கும் பிரேக் அடித்தால் யாரும் வண்டி ஓட்ட முடியாது. ஆகவே அசையாதவற்றைப் பெரும்பாலும் வடிகட்டிவிடுகிறார்கள். கேமராவும் சேர்ந்து ‘இது வண்டிதான்’ என்று சாட்சி சொன்னால்தான் நடவடிக்கை. பின்விளக்கு எரியாமல், ரிஃப்ளெக்டர் இல்லாமல் இருட்டில் நிற்கும் லாரியைக் கேமரா எப்போது பார்க்கும்? உங்கள் ஹெட்லைட் அதன் மேல் விழும்போது. 100 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் விநாடிக்கு 28 மீட்டர் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

இதைவிட மோசம், முன்னால் போகும் கார் லாரியைப் பார்த்துக் கடைசி நொடியில் விலகுவது. உங்கள் வண்டி அதுவரை அந்தக் காரைத்தான் பின்தொடர்ந்தது. அது விலகியதும் ரோடு காலி என்று நினைத்து வேகம் எடுக்கவும் கூடும். மேனுவலில் எச்சரிக்கைப் பக்கத்தில் அச்சடித்தே இருக்கிறது, யாரும் படிப்பதில்லை.

2016 மே மாதம் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு டெஸ்லா கார், ஆட்டோபைலட் என்கிற ஓட்டுநர் உதவியைப் போட்ட நிலையில், குறுக்கே திரும்பிய டிரெய்லருக்குள் போய் மோதியது. பட்டப்பகல். டிரெய்லரின் வெள்ளைப் பக்கத்தை வெளிச்சமான வானத்திலிருந்து கேமரா பிரித்துப் பார்க்கவில்லை. ஓட்டியவர் இறந்துபோனார். ராத்திரியில் க்ரூஸ் போடுங்கள்; கால் பிரேக் பக்கமே இருக்கட்டும்.

பெருங்குடி: ஓ.எம்.ஆர்-ல லேன் மாறும்போதெல்லாம் ஸ்டியரிங் எதிர்ப்பக்கம் இழுக்குது. டிஃபெக்ட் பீஸைத் தலையில கட்டிட்டாங்களா?

டிஃபெக்ட் இல்லை. இண்டிகேட்டர் போட்டீர்களா? போடாமல் கோட்டைத் தாண்டினால், டிரைவர் தூங்கிவிட்டார் என்று வண்டி நினைத்துக்கொள்ளும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

சோழிங்கநல்லூர்: குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும் சார். இண்டிகேட்டர் போட்டா பின்னாடி வர்றவன் வழியா விடுறான்? அதைப் பார்த்ததும்தான் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறான். போடாம டக்குனு நுழைஞ்சாத்தான் இடம் கிடைக்கும்.

நீங்கள் சொல்வது நடக்கிறதுதான், நானும் அந்த ரோட்டில் போகிறவன். ஆனால் டக்கென்று நுழைகிறீர்களே, பின்னால் வருபவரிடமும் அடாஸ் இருந்தால் அவர் வண்டி சடாரென்று பிரேக் பிடிக்கும். அவருக்குப் பின்னால் ஸ்விக்கி பையன். அடி அவனுக்கு.

அண்ணா நகர்: அதுக்குத்தான் சொல்றேன், நம்ம ஊருக்கு இது ஒத்தே வராது. வாங்கின அன்னிக்கே எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன்.

வியாசர்பாடி: அண்ணே, நான் கால் டாக்ஸி ஓட்டுறேன். ஆட்டோக்காரர் கையை நீட்டிட்டு உள்ள வர்றாரே, அதை கேமரா படிக்குமா?

படிக்காது தம்பி. நம் விலையில் விற்கும் கார்களில் இருக்கும் கேமரா ஆட்டோவின் உடம்பு உங்கள் லேனுக்குள் வந்த பிறகுதான் கணக்கில் எடுக்கும். நீங்கள் கையைப் பார்த்ததுமே காலைத் தூக்கியிருப்பீர்கள். அந்த இடத்தில் நீங்கள்தான் கெட்டி.

அண்ணா நகர் சாருக்கு: எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஆஃப் பண்ணுவதுதான் எனக்கு ஆகாத காரியம். ஒவ்வொன்றும் தனித்தனி. கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கை இழுக்கும் லேன் கீப்பை ஊருக்குள் ஆஃப் பண்ணுங்கள், நானே சொல்கிறேன். மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டில் பழைய கோட்டைச் சுரண்டியிருப்பார்கள், பக்கத்தில் புதுக்கோடு, அதன் மேல் பேரிகேட். மழை பெய்து ராத்திரியில் விளக்கு பட்டால் சுரண்டின தழும்பும் கோடு போலவே பளபளக்கும். கேமரா எதை நம்பும்? க்ரூஸும் ஊருக்குள் வேண்டாம். இடைவெளியைக் குறைத்து வைத்தாலும் அதில் ஒரு ஸ்கூட்டர் நுழையும், வண்டி தலையாட்டிப் பொம்மை மாதிரி முன்னும் பின்னும் ஆடும். ஆனால் அவசர பிரேக்கையும் பின்பக்க மூலையில் வண்டி வந்தால் சொல்லும் எச்சரிக்கையையும் எந்த ரோட்டிலும் அணைக்காதீர்கள்.

அண்ணா நகர்: அவசர பிரேக் அடிச்சா பின்னாடி வர்ற பஸ் என் மேல ஏறிடுமே சார்?

அது முதலில் சத்தம் போடும், பிறகு லேசாகப் பிடிக்கும், இனி மோதியே தீரும் என்கிற கட்டத்தில்தான் முழுசாக அடிக்கும். அந்தக் கட்டத்தில் பார்த்திருந்தால் நீங்களும் அதே பிரேக்கை அடித்திருப்பீர்கள். ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் விற்கும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் இது கட்டாயம். அங்கேயும் பின்னால் பஸ் வரும்.

சோழிங்கநல்லூர்: அங்க பின்னாடி வர்றவன் தள்ளி வருவான் சார்!

சரி, இதில் ஜெயித்தது நீங்கள். ஆனாலும் இண்டிகேட்டர் போடுங்கள். மூன்று முறை மின்னட்டும், பிறகு நகருங்கள்.

வளசரவாக்கம்: சேல்ஸ்மேன் ‘லெவல் 2’ன்னா வண்டி தானா ஓடும்னாரு.

ஓடாது. 0 முதல் 5 வரை எண் போட்ட படிகளில் இது 2 என்ற எண்ணுள்ள படி: ஸ்டியரிங்கும் வேகமும் உதவி, பொறுப்பு முழுக்க உங்களுடையது. மெர்சிடிஸ் 2022-ல் ஜெர்மனியில் லெவல் 3, அதாவது குறிப்பிட்ட சூழலில் வண்டியே ஓட்டிக்கொள்ளும் படியை, விற்க ஆரம்பித்தபோதே, 60 கிலோமீட்டர் வேகத்துக்குள், குறிப்பிட்ட ஆட்டோபான்களில் மட்டும்தான் அனுமதி.

பெரம்பூர்: ராத்திரி கிளம்பி மதுரை போறோம். தூக்கம் வந்தா வண்டி எழுப்பிவிடுமா?

இரண்டு வகை உண்டு. ஒன்று ஸ்டியரிங்கை வைத்துக் கண்டுபிடிப்பது: கண் சொக்கும்போது கை சற்று நேரம் அசையாமல் இருந்து, பிறகு வெடுக்கென்று திருத்தும், அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு காபி கப் படம் காட்டும். இன்னொன்று முகத்துக்கு நேரே அகச்சிவப்பு கேமரா வைத்து இமையைப் பார்ப்பது, இது நம்பகமானது. எதுவானாலும் எச்சரிக்கும், தூக்கத்தைப் போக்காது. 100 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி கண் மூடினால் 111 மீட்டர் போயிருப்பீர்கள். காபி கப் வந்தால் ‘ஓகே’ அமுக்கிவிட்டுப் போகாமல் விக்கிரவாண்டியிலோ உளுந்தூர்பேட்டையிலோ ஒதுக்கிப் படுங்கள். விடியற்காலைக்கு முந்தைய நேரம்தான் ஆளை அடிக்கும். முடிந்தால் விடிந்த பிறகு கிளம்புங்கள்.

கொளத்தூர்: 12 லட்சத்துக்குள்ள அடாஸ் கார் எது நல்லது?

ஐயா, பட்ஜெட் கேள்வி வேண்டாம் என்றேன். போகட்டும், ஒன்று மட்டும்: ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காமல் பிடிக்கும் இஎஸ்சி, 2023-ல் வந்த பாரத் என்கேப் மோதல் சோதனையில் எத்தனை ஸ்டார், இவற்றை முதலில் பாருங்கள். காசு மிச்சம் இருந்தால் அடாஸ்.

வேளச்சேரி: தண்ணி எவ்வளவு ஆழம்னு வண்டி சொல்லுமா?

லேண்ட் ரோவர் மாதிரி சிலவற்றில் பக்கக் கண்ணாடிக்குக் கீழே சென்சார் வைத்து அளக்கிறார்கள். மற்ற கார்களுக்கு உங்கள் கண்தான். தண்ணீரில் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீர்கள், இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். மழை வந்தால் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவதை உங்கள் ஏரியாக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

போரூர்: முன் கண்ணாடி மாத்தினா கேலிபரேஷன் கட்டாயமா?

மேலே மேடவாக்கத்துக்குச் சொன்ன பதிலைப் படிக்கவும்.

ஆவடி: கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டினா கேமராவுக்குப் பிரச்சினையா?

முன் கண்ணாடியில் கேமராவுக்கு எதிரே எதையும் ஒட்டாதீர்கள். ஃபிலிம், டேஷ்கேம், அசோசியேஷன் ஸ்டிக்கர் எதுவானாலும். சட்டப்படி முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கங்களில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வர வேண்டும்.

ராயப்பேட்டை: சீட் பெல்ட் சத்தம் தாங்கல. கிளிப் வாங்கி மாட்டினா அடாஸ் வேலை செய்யுமா?

செய்யும், அதுதான் ஆபத்து. பெல்ட் போடாவிட்டால் க்ரூஸை எடுக்க விடாத கார்கள் உண்டு. கிளிப் மாட்டி அதையும் ஏமாற்றிவிடுவீர்கள். பிறகு வண்டி தானே அவசர பிரேக் அடிக்கும்போது, பெல்ட் இல்லாத உடம்பு ஸ்டியரிங் மேல் போய்ச் சாயும். அந்த நேரம் பார்த்து ஏர்பேக் வெடித்து விரிந்தால் அது முகத்தில் விழும் குத்து. போலீஸ் பிடித்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் 1000 ரூபாய் தனி. கிளிப்பைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, பின் சீட்டில் இருப்பவர்களையும் பெல்ட் போடச் சொல்லுங்கள்.