கூத்துக் கொப்பியும் படப்பாட்டும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கோயிலடியில் காத்தவராயன் கூத்து முன்பு விடியவிடிய நடக்கும். இந்த வருடம் இரண்டு மணித்தியாலம்தான் தருகிறார்கள். இடையிடையே படத்துப் பாட்டைப் போட்டுச் சுருக்கலாம் என்கிறார்கள் இளம் பிள்ளைகள். சரிவருமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: சரிவராது. பி. யு. சின்னப்பா நடித்த ‘ஆர்யமாலா’ (1941), சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடித்த ‘காத்தவராயன்’ (1958) இரண்டும் இதே கதைதான். ஆனால் படத்தில் கதையை வசனமும் காட்சியும் இழுத்துப் போகும். பாட்டு அந்த நேரத்து உணர்ச்சிக்கு வருவது. கூத்தில் பாட்டுத்தான் கதை. வந்தது ஆர், எங்கே போகிறார், தாய் ஏன் மறிக்கிறாள், எல்லாம் சிந்து என்ற கூத்துப்பாட்டுக்குள்ளேயே கிடக்கிறது. ஒரு சிந்தை எடுத்துவிட்டால் அதிலிருந்த விசயத்தைச் சொல்லப் புதிதாக வசனம் எழுத வேண்டிவரும், நேரம் குறையாது. நடிகர் பாடிய அடியைத் திருப்பிப் பாடும் பிற்பாட்டுக்காரருக்கும் வாங்கிப் பாட அடி இராது.

கை வைக்க வேண்டியது பிற்பாட்டில். ஓர் அடி பாட 12 செக்கன் என்று வையுங்கள். நாலடிப் பாட்டு ஒன்றை நடிகர் பாட 48 செக்கன், அடிக்கு அடி பிற்பாட்டு எடுத்தால் இன்னும் 48, மொத்தம் 96. கடைசி அடிக்கு மட்டும் பிற்பாட்டு என்றால் 60 செக்கனில் முடியும். இப்படி 60 பாட்டில் 36 நிமிடம் மிஞ்சும். பாட்டெழுதிய கூத்துக் கொப்பியில் ஒரு சொல்லும் வெட்டுப்படாது.

எல்லா இடத்திலும் இதைச் செய்யப்போனால் ஆட்டம் விழும். பிற்பாட்டு நேரம்தான் ஆடுகிறவர் மூச்செடுக்கும் நேரம். அதைப் பறித்தால் மூன்றாம் பாட்டிலேயே இளைப்பு வந்து சுருதி கீழே இறங்கும். ஆகவே நின்ற நிலையில் தர்க்கம் நடக்கும் இடங்களில் குறையுங்கள். பாத்திரம் ஆடிக்கொண்டு மேடைக்கு வரும் வரவிலும் காத்தவராயன் கழுமரம் ஏறும் கட்டத்திலும் பிற்பாட்டை முழுதாக விடுங்கள். கழுமரத்துக்காகவே சனம் கண்விழித்திருக்கிறது. அங்கே அவசரப்பட்டால் முழுக் கூத்தும் வீண்.

இன்னொன்று: காத்தானாக மூன்று நான்கு பேர் மாறி மாறி ஆடுவீர்கள். ஆர்மோனியத்தின் சுருதி ஒன்றுதான். ஆளை எடுக்கும்போது முகத்துக்கு முன் குரலைப் பாருங்கள். ஒருவருக்குச் சுருதி இரண்டு கட்டை, அடுத்தவருக்கு நாலு கட்டை என்று இருந்தால் ஆள் மாறும் இடத்தில் ஒருவர் கத்துவார், மற்றவர் முனகுவார்.

கேள்வி: வள்ளி திருமணத்தில் வரும் ‘காயாத கானகத்தே’யை மகன் பழகுகிறான். கிட்டப்பாவின் இசைத்தட்டா, ‘ஸ்ரீவள்ளி’ படத்தில் மகாலிங்கம் பாடியதா, எதை அசலாகக் கொள்வது?
– வாசகி, முள்ளியவளை

பதில்: இரண்டுமே மேடையில் பாடிய அளவல்ல, அம்மா. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகப் பாட்டை எஸ். ஜி. கிட்டப்பா மேடையில் ஆலாபனையோடு, சபை கேட்கக் கேட்க விரித்துப் பாடுவார். 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் அடங்கும். ஆகவே தட்டில் உள்ளது சுருக்கம். 1945இல் டி. ஆர். மகாலிங்கம் பாடியதோ கமராவுக்கு அளந்தது. ஆனாலும் குரலை எறியும் விதத்துக்குக் கிட்டப்பாவைத்தான் கேட்கச் சொல்வேன். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டப் பாடிய தொண்டை அது. சொல் எங்கே வெட்டுகிறது, எங்கே நீள்கிறது என்பதைக் கவனிக்கட்டும்.

கேட்பதற்கு முன் சுருதியைச் சரிபாருங்கள். பாட்டின் ஆதார சுருதி உங்கள் ஆர்மோனியத்தின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுந்தால், தட்டை வேறு வேகத்தில் ஓட்டிப் பதிந்திருக்கலாம், அல்லது அந்தக் காலத்து ஆர்மோனியமே வேறு சுருதியில் இருந்திருக்கலாம். படப் பிரதியிலும் இது உண்டு: செக்கனுக்கு 24 சட்டத்தில் (ஃபிரேம்) எடுத்த படத்தைத் தொலைக்காட்சிக்காக 25இல் ஓட்டினால் 4 வீதம் வேகம் கூடும், சுருதியும் ஓர் அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறும். கைபேசியில் வேகம் மாற்றும் செயலி இருக்கிறது. கட்டையோடு ஒட்டும்வரை நகர்த்திவிட்டுப் பழகட்டும். மகன் தன் சுருதியில்தான் பாட வேண்டும். மேல் சுருதியை எட்டிப் பிடித்தால் சரணத்தில் குரல் உடையும்.

படத்து வள்ளியைப் பார்த்து மகளும் பழகுவதென்றால் ஒன்று தெரிந்திருக்கட்டும்: நடித்தவர் குமாரி ருக்மணி, பின்னர் அவர் குரலுக்குப் பதிலாகச் சேர்த்தது பி. ஏ. பெரியநாயகியின் குரல். ஆடிக்கொண்டே அந்த மூச்சில் பாட முடியவில்லையே என்று பிள்ளை சோரக்கூடாது.

கேள்வி: பாடசாலையில் ‘சவுண்ட் ஒஃப் மியூசிக்’ என்ற ஆங்கில இசைநாடகம் போட விருப்பம். படத்தைப் பார்த்தே பழக்கலாமா?
– ஆசிரியை, வவுனியா

பதில்: மேடைப் பிரதியை அனுமதியோடு பெற்றுப் பழக்குங்கள், ரீச்சர். 1959 மேடைக்கும் 1965 படத்துக்கும் பாட்டுகள் இடம் மாறியிருக்கின்றன. இடியிரவில் பிள்ளைகளோடு மரியா பாடும் ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ மேடையில் மடத்துத் தாயோடு பாடுவது; இடிக்கு அங்கே ‘லோன்லி கோட்ஹெர்ட்’. படத்தில் பாடாத எல்சாவுக்கும் மக்ஸுக்கும் மேடையில் பாட்டு உண்டு. அந்த இரண்டு பாத்திரத்துக்கும் பாடக்கூடிய பிள்ளைகளை முதலிலேயே பார்த்து வையுங்கள்.