லாபம் ஏறுகிறது, ஆடிட்டர் விலகுகிறார்: இந்தப் பங்கை என்ன செய்வது?

கேள்வி: நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் பங்குகளை வாங்கினேன். என் மொத்தச் சேமிப்பில் ஐந்தில் ஒரு பகுதி அதில்தான் இருக்கிறது. காலாண்டு தவறாமல் லாபம் கூடுகிறது. ஆனால் ஆடிட்டர் பதவிக்காலம் முடியும் முன்பே விலகிவிட்டார். புரமோட்டர் (நிறுவனத்தைத் தொடங்கிக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்) குடும்பத்தின் இன்னொரு நிறுவனத்துக்குக் கடன் கொடுத்திருப்பதாகவும் ஆண்டறிக்கையில் இருக்கிறது. விலை 30 சதவீதம் இறங்கிவிட்டது. 'இப்போது இன்னும் வாங்கி, சராசரி விலையைக் குறைத்து ஆவரேஜ் பண்ணு' என்கிறார் நண்பர். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், இப்போதைக்கு ஒரு பங்குகூட கூடுதலாக வாங்காதீர்கள். வியாபாரம் மந்தமாகி விலை இறங்கியிருந்தால் பொறுமைக்குப் பலன் கிடைக்கலாம். நிர்வாகத்தின் மேல் சந்தேகம் வந்து இறங்கியிருந்தால் கதை வேறு. நீங்கள் பொறுத்திருக்கும் காலம், பணத்தை வெளியே நகர்த்துபவருக்குக் கிடைக்கும் கால அவகாசமாகிவிடும்.

அந்தக் கடனையே எடுத்துக்கொள்வோம். ஒரு பேச்சுக்கு, புரமோட்டருக்கு உங்கள் நிறுவனத்தில் 40 சதவீதப் பங்கு, குடும்ப நிறுவனத்தில் 100 சதவீதம் என்று வையுங்கள். இங்கிருந்து அங்கே 100 ரூபாய் போய், திரும்பி வராமலே நின்றுவிட்டால் அவருக்கு இங்கே இழப்பு 40, அங்கே வரவு 100. அந்த 60 ரூபாய் உங்களைப் போன்ற மற்றப் பங்குதாரர்களின் பணம். எல்லாக் கடனும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆனால் இப்படிச் செய்தால் லாபம் யாருக்கு என்ற கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சத்யம் என்ற இந்திய மென்பொருள் நிறுவனத்தின் விவகாரத்தை நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். 2008 டிசம்பர் 16 அன்று, நிறுவனர் குடும்பத்தின் இரண்டு மேட்டாஸ் நிறுவனங்களைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகச் சத்யம் அறிவித்தது. மென்பொருள் நிறுவனத்துக்குக் கட்டுமானத் தொழில் எதற்கு என்று முதலீட்டாளர்கள் கொதித்தெழ, சில மணி நேரத்திலேயே திட்டம் கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று சத்யத்தின் நிறுவனரும் தலைவருமான ராமலிங்க ராஜுவின் ஒப்புதல் கடிதம் வந்தது. கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. இல்லாத சொத்தை நிஜச் சொத்தால் நிரப்பும் கடைசி முயற்சிதான் மேட்டாஸ் என்று அவரே எழுதியிருந்தார். முந்தைய செப்டம்பர் காலாண்டில் காட்டிய செயல்பாட்டு லாபம் வருவாயில் 24 சதவீதம். உண்மையானது 3 சதவீதம். புலிவாலைப் பிடித்த கதைதான்.

அதே 2008-இல் அந்த நிறுவனம் சிறந்த நிர்வாகத்துக்கான விருதும் வாங்கியிருந்தது. இயக்குநர் குழுவில் பேர்பெற்றவர்கள் இருந்தார்கள். ரொக்கம் பொய் என்று வெளியில் இருந்த சிறு முதலீட்டாளர் கண்டுபிடித்திருக்க வழியில்லை. ஆனால் அந்தக் குடும்ப ஒப்பந்தம், கடிதம் வருவதற்கு மூன்று வாரம் முன்பே எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. கணக்கில் உள்ள பொய் வெளிப்படும் முன்பே நடத்தை காட்டிக்கொடுத்துவிட்டது.

உங்கள் நிறுவனத்துக்கு வருவோம். ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில் 'தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள்' என்ற பகுதி இருக்கும். மூன்று ஆண்டு அறிக்கைகளிலும் அதை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கடன் எவ்வளவு, வட்டி உண்டா, திருப்பித் தரும் தேதி இருக்கிறதா, ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதா? 'கேட்கும்போது திருப்பித் தரப்படும்' என்று மட்டும் இருந்து, மூன்று ஆண்டாக யாரும் கேட்கவே இல்லை என்றால், அதை நான் கடனாகவே எண்ணமாட்டேன்.

அப்புறம் லாபமும் ரொக்கமும். ஐந்து ஆண்டு நிகர லாபத்தைக் கூட்டுங்கள்; அதே ஐந்து ஆண்டில் செயல்பாட்டிலிருந்து வந்த ரொக்கத்தையும் கூட்டுங்கள். லாபம் 500 கோடி, ரொக்கம் 200 கோடி என்றால் மீதி எங்கே? பெரும்பாலும் வரவேண்டிய பாக்கியிலோ சரக்கிருப்பிலோ இருக்கும். வேகமாக வளரும் நிறுவனத்தில் ஓரளவு இது இயல்பு. ஆனால் பாக்கி வசூலாகும் நாட்கள் 60, 85, 120 என்று நீண்டுகொண்டே போனால், விற்காததை விற்றதாகக் காட்டுகிறார்களோ என்று சந்தேகப்படலாம். ரொக்கம் நிறைய இருப்பதாகக் காட்டிக்கொண்டே வட்டிக்குக் கடன் வாங்கும் நிறுவனத்தையும் கேள்வி கேட்க வேண்டும். ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனத்தில் 190 கோடி யூரோ ரொக்கம் இல்லை என்று 2020-இல் அம்பலமானது. அங்கே ஆடிட்டர் கையெழுத்திட மறுத்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

ஆகவே உங்கள் ஆடிட்டரின் விலகல் கடிதத்தை முழுதாகப் படியுங்கள். 'கேட்ட விவரங்கள் தரப்படவில்லை' என்ற பொருளில் ஒரு வரி இருந்தாலே எனக்குப் போதும், வெளியேறிவிடுவேன். 'வேலைப்பளு' என்று மட்டும் இருந்தால், அதே சமயத்தில் நிதித் தலைவரோ சுயேச்சை இயக்குநரோ விலகினாரா என்று பாருங்கள். புரமோட்டர் தன் பங்குகளை அடமானம் வைத்திருக்கிறாரா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

லாபம் காலாண்டு தவறாமல் ஏறுவதை நீங்கள் நம்பிக்கைக்குரிய அறிகுறியாக எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் 400 நிதி நிர்வாகிகளிடம் கிரஹாம், ஹார்வி, ராஜகோபால் ஆகியோர் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், லாபம் சீராகத் தெரிவதற்காக நிறுவனத்தின் உண்மையான மதிப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுப்போம் என்று 78 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். இதில் பெரும்பாலானது சட்ட மீறலே இல்லை. ஆராய்ச்சிச் செலவைத் தள்ளிப்போடுவது, விளம்பரத்தைக் குறைப்பது போன்றவைதான். 'இந்தக் காலாண்டு சரியாகப் போகவில்லை, காரணம் இது' என்று வெளிப்படையாகச் சொல்லும் நிர்வாகத்திடம்தான் நான் என் பணத்தைக் கொடுப்பேன்.

சரி, விற்பதா? நம்பிக்கை கேள்விக்குள்ளான ஒரே நிறுவனத்தில் சேமிப்பின் ஐந்தில் ஒரு பகுதி இருப்பது மிக அதிகம். மேலே சொன்னதையெல்லாம் படித்து முடிக்கும்வரை காத்திருக்காமல் முதலில் குறையுங்கள். எவ்வளவு? முழுதும் போனாலும் வீட்டுச் செலவோ பிள்ளைகள் படிப்போ தடைபடாத அளவு வரை. அப்புறம் நிறுவனத்தின் முதலீட்டாளர் தொடர்பு அதிகாரிக்குக் கடனைப் பற்றி ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: எந்தத் தேதியில் திரும்ப வரும்?

அடுத்த ஆண்டறிக்கை வந்ததும் அந்தக் கடன் குறிப்பை முதலில் திறந்து பாருங்கள். கடன் குறைந்திருந்தால் மீதியை வைத்திருக்கலாம். புதுப்பித்திருந்தாலோ கூட்டியிருந்தாலோ, வாங்கிய விலையை நினைத்துத் தயங்காமல் மீதியையும் விற்றுவிடுங்கள்.