பொங்கல் கபடியிலிருந்து ஆசியப் போட்டிக்கு வழி உண்டா?

கேள்வி: எனக்கு 24 வயது. பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம். பி.காம். முடித்திருக்கிறேன். கபடியில் மாநிலப் போட்டி வரை ஆடினேன். முழங்காலில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆன பிறகு ஆட முடியவில்லை. இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. மூன்று வருடமாக எங்கள் ஊர்ப் பொங்கல் கபடிப் போட்டியை நானும் தோழிகளும்தான் முன்னின்று நடத்துகிறோம். போன தடவை முப்பதுக்கு மேல் அணிகள் வந்தன. ஆட்டக்காரர்களின் எடை பார்ப்பதில் ஒரு சண்டை வந்ததைத் தவிர எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வசூல், செலவுக் கணக்கைக் கோவில் சுவரில் ஒட்டினோம். ஒலிம்பிக்கை டிவியில் பார்க்கும்போதெல்லாம், இதை நடத்துகிறவர்கள் யார், நாமும் அங்கே போக முடியுமா என்று தோன்றுகிறது. அப்பா, "குரூப் 4 எழுதி ஒரு வேலையில உக்காரு, இதெல்லாம் பணக்காரங்க வேலை" என்கிறார். எனக்கு ஆங்கிலமும் சரளமாக வராது. நான் ஆசைப்படுவது தப்பா?

பெயர் வேண்டாம், பென்னாகரம்.

பதில்: ஆசைப்படுவதில் தப்பே இல்லை, தங்கையே. வழியும் உண்டு. கொஞ்சம் நீண்ட வழி. எல்லா வருடமும் ஒரே மாதிரி சம்பளம் வராத வழியும்கூட. அதை மறைத்துவிட்டு ஆசை காட்ட எனக்கு மனம் வராது.

யார் நடத்துகிறார்கள் என்று கேட்டீர்கள். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி விதிகளையும் உரிமையையும் கையில் வைத்திருக்கிறது. களத்தில் இறங்கி நடத்துவது, அந்தந்த நகரத்தில் புதிதாக அமைக்கிற ஏற்பாட்டுக் குழு. லண்டன் 2012 ஒலிம்பிக்கின் குழு 2005-ல் தொடங்கியது, 2013-ல் கலைந்தது. அதன் தலைவர் செபாஸ்டியன் கோ, 1980-லும் 1984-லும் 1,500 மீட்டர் ஓட்டத்தில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கை நடத்திய பீட்டர் யூபராத் பயண ஏற்பாட்டு நிறுவனம் வைத்திருந்தவர். 1976 ஒலிம்பிக்குக்காக வாங்கிய கடனை மாண்ட்ரியல் நகரம் அடைத்து முடிக்க 2006 ஆகிவிட்டது. யூபராத்தோ பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த மைதானங்களை வைத்தே ஒப்பேற்றி, 20 கோடி டாலருக்கு மேல் மிச்சம் காட்டினார். டெல்லியில் 1951-ல் 11 நாடுகளோடு நடந்த முதல் ஆசியப் போட்டிக்கு அடித்தளம் போட்ட குரு தத் சோந்தி, லாகூர் அரசுக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். ஓட்டக்காரர், வியாபாரி, வாத்தியார் என மூன்று பேரும் மூன்று திசையிலிருந்து வந்தவர்கள். இந்த வேலைக்கென்று ஒரே படிப்பு, ஒரே வாசல் கிடையாது.

தலைவர் நாற்காலியைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். அதற்குக் கீழே இருக்கும் வேலைகளில்தான் உங்களுக்கு இடம். வீரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அடையாள அட்டை போடுவது ஒரு பிரிவு. பேருந்து ஓட்டத்தைப் பார்ப்பது ஒன்று. தங்குமிடம், சாப்பாடு, மருத்துவம், ஊக்கமருந்துப் பரிசோதனை, பத்திரிகையாளர் அறை, மைதான மேலாண்மை, ஆட்ட அட்டவணை, தன்னார்வலர் நிர்வாகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆட்கள், தனித் திறமை. ஊக்கமருந்துப் பிரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட வீராங்கனை சிறுநீர் மாதிரியை (சாம்பிள்) கொடுத்து முடிக்கும்வரை, கண்ணை எடுக்காமல் கூடவே ஒருவர் இருக்க வேண்டும். குறைந்தது 90 மில்லி சிறுநீர் வேண்டும். அதை ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் பிரித்து முத்திரை வைப்பார்கள். வீராங்கனை சிறுநீர் கொடுப்பதைப் பார்த்துச் சாட்சி சொல்ல வேண்டியவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். இப்படிப் பெண்கள் இல்லாமல் நடக்கவே முடியாத வேலைகள் இதற்குள் இருக்கின்றன.

நம் மாநிலத்திலேயே பாருங்கள். ரஷ்யாவில் நடக்க வேண்டிய 44-வது செஸ் ஒலிம்பியாட், உக்ரைன் போரால் அங்கிருந்து மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஜூலை 28 திறப்பு விழா. வழக்கமாக ஆண்டுக்கணக்கில் தயாராகும் போட்டிக்கு நாலரை மாதம்கூட முழுதாக இல்லை. 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகளை விமான நிலையத்தில் வரவேற்று, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓட்டல்களில் தங்கவைத்து, தினமும் மாமல்லபுரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஒத்திகை. திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்பு 1,400-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை அதே அரங்கில் உட்காரவைத்து ஒரு போட்டியை நடத்திப் பார்த்துவிட்டார்கள். எந்த வாசலில் கூட்டம் தேங்குகிறது, எந்தப் பலகையில் இணைப்பு வேலை செய்யவில்லை என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். அடுத்த பொங்கலுக்கு நீங்களும் இதைச் செய்யலாம். முதல் நாள் சாயங்காலம் உள்ளூர்ச் சிறுவர்களின் இரண்டு அணிகளை வைத்து, எடை பார்ப்பதிலிருந்து பரிசு கொடுப்பது வரை முழுதாக ஒரு தடவை நடத்திப் பாருங்கள். எடைச் சண்டையும் அதிலேயே தீர்ந்துவிடும். எந்தத் தராசு, எத்தனை மணி வரை, ஆட்சேபம் இருந்தால் யாரிடம் சொல்வது என்பதை அழைப்பு நோட்டீஸிலேயே அச்சடித்துவிடுங்கள்.

இனி சொல்லப்போவதை நிதானமாகப் படியுங்கள். கூட்டத்தின் பாதுகாப்புதான் இந்தத் தொழிலின் உயிர். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே, கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டத்தைப் பார்க்க வந்த 11 பேர் நெரிசலில் இறந்தார்கள். ஓசூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்தது அது. டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டி தொடங்குவதற்கு இரண்டு வாரத்துக்குள் இருக்கும்போது, நேரு ஸ்டேடியம் அருகே கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் இடிந்து தொழிலாளர்கள் காயப்பட்டார்கள். இதே ஓசூர்ப் பக்கம் 2023 பிப்ரவரியில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதில், ஜனங்கள் கோபப்பட்டு பெங்களூரு நெடுஞ்சாலையே முடங்கியது. அனுமதிக் கடிதம் எப்போது கைக்கு வரும் என்பதும் ஏற்பாட்டாளரின் கவலைதான் என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டாம்.

கிராமத்துக் கபடியில் மூங்கிலும் பலகையும் வைத்து காலரி கட்டுகிறோம். எத்தனை பேர் ஏறலாம் என்று யாரும் கேட்பதில்லை. இறுதி ஆட்டத்தின்போது வாலிபர்கள் எல்லாம் அதன் மேல்தான் இருப்பார்கள். நீங்கள் கேளுங்கள். காலரி கட்டுபவரிடம் எண்ணிக்கையை எழுதி வாங்குங்கள். அதற்கு மேல் ஒருவர்கூட ஏறாமல் இருக்க இரண்டு பேரை அங்கேயே நிறுத்துங்கள். உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் வேறு வேறாக இருக்கட்டும். 108 ஆம்புலன்ஸ் வந்து திரும்ப இடம் விட்டு வண்டிகளை நிறுத்தச் சொல்லுங்கள். மைக் பிடித்திருப்பவரிடம் ஒரு சொல் சொல்லி ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் உங்கள் கையில் இருக்க வேண்டும்; ஊர்ப் பெரியவர் யார் சொன்னாலும் அதை விட்டுக்கொடுக்காதீர்கள். முப்பது அணிப் போட்டியில் இது பழக்கமானால்தான், பின்னால் முப்பதாயிரம் பேர் வரும் அரங்கத்தில் கை தானாகச் செய்யும்.

கணக்கைக் கோவில் சுவரில் ஒட்டியதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த வரி அது. 2010 காமன்வெல்த் முடிந்து பல ஆண்டுகளுக்கு அதன் ஒப்பந்தங்கள் பற்றிய விசாரணைதான் பேச்சாக இருந்தது. ஆடியவர்களின் பதக்கங்கள் பின்னுக்குப் போய்விட்டன. நீங்கள் ஆடிய கபடியின் தேசியச் சம்மேளனமே 2018 முதல் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் ஆட வேண்டிய வயதில் இருந்த பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆறவில்லை. 2025-ல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், சம்மேளனங்களின் நிர்வாகக் குழுவில் விளையாட்டு வீரர்களுக்கும் பெண்களுக்கும் இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. கணக்குத் தெரிந்த, ஆடிய அனுபவமும் உள்ள ஒரு பெண்ணுக்கு இதைவிட நல்ல காலம் முன்பு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

என்ன செய்யலாம்? ஓசூர் வேலையை இப்போது விடாதீர்கள். வருடாவருடம் நடக்கும் முதலமைச்சர் கோப்பையின் மாவட்டப் போட்டிகளுக்குத் தருமபுரி மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் போய், தன்னார்வலராகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பதிவு மேசை, அட்டவணை, முடிவுகளைத் தொகுப்பது என்று எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்டக் கபடிக் கழகத்தில் நடுவர் தேர்வு எப்போது என்று விசாரித்து எழுதுங்கள். முழங்கால் ஆட விடாவிட்டாலும், மேசையில் அமர்ந்து புள்ளி எழுதும் அதிகாரியாக இருக்கலாம். கபடி 1990 முதல் ஆசியப் போட்டியில் இருக்கிறது, பெண்கள் கபடி 2010 முதல். அந்தப் படிக்கட்டில் ஏறினால் ஆட்டத்தின் பக்கமிருந்தே பெரிய போட்டிக்குள் நுழைய முடியும். பெங்களூரில் ஆண்டுதோறும் நடக்கும் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் தன்னார்வலர்கள் தேவைப்படுகிறார்கள். கம்பெனி லீவு நாளில் போய்வரலாம். சாலையை அடைத்து, பல ஆயிரம் பேரை ஓடவைத்து, மறுபடி சாலையைத் திறந்துவிடுவது எப்படி என்று அங்கே கண்ணால் பார்ப்பீர்கள்.

இரண்டு வருடம் இப்படிச் சுற்றிய பிறகு படிப்பைப் பற்றி முடிவெடுங்கள். மேலக்கோட்டையூரில் இருக்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மேலாண்மைப் படிப்பு பற்றி விசாரியுங்கள். லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டு, 'ஐபிஎல்லில் வேலை நிச்சயம்' என்று விளம்பரம் போடும் நிறுவனங்களுக்கு அப்பாவின் நிலத்தை அடமானம் வைத்துப் போகாதீர்கள். போன வருடம் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று பெயரோடு கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்குக் கிடைத்திருக்கிறது. இந்தியா 2036 ஒலிம்பிக்கையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. 2030-ல் உங்களுக்கு முப்பது வயதுகூட நிறைந்திருக்காது. நான் சொன்ன அனுபவம் கையில் இருந்தால், அதற்கு ஆள் எடுக்கும்போது விண்ணப்பத்தில் எழுத உங்களிடம் விஷயம் இருக்கும்.

அப்பா சொல்வதையும் தள்ளிவிட முடியாது. ஏற்பாட்டுக் குழு வேலை எல்லாம் ஒப்பந்த வேலை. போட்டி முடிந்து சில வாரத்தில் பெரும்பாலானவர்களுக்கு வேலையும் முடிந்துவிடும். பிறகு அடுத்த போட்டி எங்கே என்று தேடி ஊர், நாடு தாண்டிப் போகிறவர்கள் நிறையப் பேர். வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டிய பிள்ளைக்கு இது சிரமம். அதனால் குரூப் 4-ம் எழுதுங்கள். விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டுக்கு உங்கள் சான்றிதழ் பொருந்துமா என்று கையோடு பார்த்துவிடுங்கள். அரசு வேலையில் இருந்துகொண்டே நடுவராகவும் சங்க நிர்வாகியாகவும் இருப்பவர்கள் நம் மாவட்டங்களில் எத்தனையோ பேர். பணக்காரர்கள் வேலை என்று அப்பா சொன்னதற்கு, அடுத்த பொங்கலுக்கு அவரையே பதிவு மேசையில் உட்காரவைத்து நாள் முழுக்க வேலை வாங்குங்கள்.

ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, சரளம் அப்புறம் வரட்டும். கபடியின் சர்வதேச விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆட்டம் உங்களுக்குத் தெரியும் என்பதால் பாதி வாக்கியம் தானே விளங்கும். தினமும் ஒரு பக்கம் சத்தமாகப் படியுங்கள். நடந்த போட்டியைப் பற்றி ஒவ்வொரு தடவையும் ஒரு பக்க அறிக்கை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். முதல் அறிக்கையை எனக்கு அனுப்புங்கள், திருத்தி அனுப்புகிறேன்.