சொல்லிக்கொண்டு வந்தது (கடிதம்)

அன்புள்ள ஐயா,

கானா நாட்டின் அக்கான் மக்களுடைய மரபுச் சமயத்தைப் பற்றி எங்கள் கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். முக்கியச் சொற்களை இப்படித் தமிழாக்கியிருக்கிறேன்: ஒக்ரா – ஆன்மா, சுன்சும் – ஆவி, அபொசொம் – சிறுதெய்வங்கள், ஒகொம்ஃபோ – மந்திரவாதி. இவை பொருந்துமா? அவர்களுடைய ந்யாமே நம் சிவனைப் போன்ற முழுமுதற் கடவுளா? அவர்களுடையது ஒரு கடவுள் வழிபாடா, பல கடவுள் வழிபாடா? விளக்க வேண்டுகிறேன்.

ச., பாளையங்கோட்டை

அன்புள்ள ச.,

சென்ற வாரம் பழைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது என் ஜாதக நோட்டு அகப்பட்டது. அதன் பின்னட்டையில் ஒருவர் பென்சிலால் எழுதிவைத்த ‘குவாபெனா’ என்ற சொல் இன்னும் அழியவில்லை. இரண்டு நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

எளியவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். ந்யாமே சிவனைப் போன்றவரா என்ற கேள்வியை அடித்துவிடுங்கள். பிறர் கடவுளை அறிவதற்கு நம் கடவுளை முழக்கோலாக நீட்டுவது சோம்பேறித்தனம். ஒன்றா பலவா என்பது தேர்வுத் தாளுக்கான கேள்வி. ‘குழந்தைக்கு யாரும் ந்யாமேயைக் காட்டித் தருவதில்லை’ என்பது அவர்களுடைய பழமொழி. அந்தச் சொல் வானத்தையும் குறிக்கும் என்பதால், மல்லாந்து கிடக்கும் பிள்ளைக்கு அதை எவர் காட்ட வேண்டும்? அபொசொம் ஆற்றிலும் ஏரியிலும் பாறையிலும் உறைபவர்கள். தானோ ஆறு அப்படிப்பட்டது, பொசொம்த்வே ஏரியும் அப்படிப்பட்டது. அவர்களுக்குச் ‘சிறு’ என்று அளவெடுத்தவர் யார்? அபொசொம் என்றே எழுதுங்கள். நிலமகளான அசாசே யாவுக்குக் கோயிலும் இல்லை, பூசாரியும் இல்லை; வியாழக்கிழமைகளில் அக்கான் மக்களில் ஒரு பிரிவினரான அசாந்தி உழவர்கள் மண்ணைக் கொத்தாமல் விடுவதே அவளுக்குச் செய்யும் மரியாதை. இன்னொரு பிரிவினரான கடற்கரை ஃபாந்தியரிடம் அவளே வெள்ளிக்கிழமைக்கு உரியவளாகி அசாசே எஃபுவா எனப்படுகிறாள்.

‘மந்திரவாதி’க்கு மட்டும் உங்களைக் கடிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. 1482இல் இன்றைய கானாவின் கடற்கரையிலுள்ள எல்மினாவில் கோட்டை கட்டிய போர்த்துக்கீசியர், அங்கே கண்ட தாயத்துகளுக்கும் தெய்வங்களுக்கும் வேறுபாடு பாராமல் ‘ஃபெய்ட்டிசோ’ என்ற ஒரே சொல்லைச் சூட்டினார்கள். மனிதர் கையால் செய்துகொள்ளும் தாயத்துக்கு அக்கான் பெயர் சுமன். அபொசொமின் ஆற்றலோ ந்யாமேயிடமிருந்து வருவது. அந்தக் குழப்பத்திலிருந்து பிறந்த ‘ஃபெட்டிஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் நீங்கள் மந்திரவாதி என்று பெயர்த்திருக்கிறீர்கள். ஒகொம்ஃபோ என்பவர் தெய்வம் இறங்கப்பெற்று, ஆண்டுக்கணக்கில் பயின்று வருபவர். உங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கோமரத்தாடியை ஒருவர் மந்திரவாதி என்று எழுதினால் சும்மா இருப்பீர்களா?

இனி ஒக்ரா. தொண்ணூறுகளில் எங்கள் வீட்டு மாடியறையில் கானாவிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவர் குடியிருந்தார். வெள்ளிக்கிழமை பிறந்தவர், ஆகவே கோஃபி. நான் எந்தக் கிழமையில் பிறந்தேன் என்று கேட்டார், எனக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டால் “பூரட்டாதி, வேறென்ன வேணும்?” என்றாள். நோட்டைப் புரட்டிச் செவ்வாய் என்று கண்டுபிடித்ததும், அதன் பின்னட்டையிலேயே என் பெயரை எழுதினார். ஒருவரின் ஒக்ரா எந்தக் கிழமையில் உலகுக்கு வந்ததோ, அந்தக் கிழமைப் பெயரே அவருடைய முதற்பெயர். க்ரதின் என்பார்கள், ஒக்ராவின் பெயர். பெற்றோர் யோசித்து வைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

என் பிறந்தநாளன்று அவர் எத்தோ செய்தார். கிழங்கை வேகவைத்து மசித்து, செம்பனை எண்ணெயில் பிசைந்து, மேலே முழு முட்டையை வைக்கும் பண்டம் அது. எங்கள் வீட்டில் இருந்தது சேனைக்கிழங்கும் ரேஷன் கடைப் பாமாயிலும்தான். நிறமற்ற அந்த எண்ணெயைச் சற்று நேரம் வெறித்துப் பார்த்துவிட்டு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைத் தூவிக்கொண்டார். தட்டை என் முன் வைத்துச் சொன்னார்: “இது உங்கள் ஒக்ராவுக்கு. நீங்கள் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள்.”

இதை ‘ஆன்மாவுக்கு எத்தோ’ என்று தமிழில் எழுதிப் பாருங்கள். எழுத வராது. ஆன்மா என்றவுடன் பதி, பசு, பாசமும் மும்மலமும் பின்தொடர்ந்து வந்து உட்கார்ந்துகொள்ளும். முட்டை தின்ன அங்கே ஆளிருக்காது. கோஃபி ஒருமுறை பேருந்தில் அடிபடாமல் மயிரிழையில் தப்பினார். அப்போது “என் ஒக்ரா பின்னாலேயே வந்தது” என்றார். உங்களோடு வருவது, உங்களுக்கு யோசனை சொல்வது, உங்களோடு மனம் கோணக்கூடியது ஒக்ரா. மெய்யியலாளர் குவாசி விரேடு, உருவமற்ற மேலைநாட்டு ஆன்மாவோடு ஒக்ராவைச் சமப்படுத்தக் கூடாது என்று வாதிட்டார். குவாமே ஜெக்யே மறுத்து, அது ஆன்மாவேதான் என்று 1987இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். நான் விரேடு கட்சி. இருவர் பெயரிலும், ஒருவருக்கு ஞாயிறும் மற்றவருக்குச் சனியுமாக, அவரவர் ஒக்ராவின் கிழமை உட்கார்ந்திருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

குழப்பம் பழைய மொழிபெயர்ப்பிலும் இருக்கிறது. பாசல் மிஷன் என்ற கிறித்தவச் சபையைச் சேர்ந்த கிறிஸ்டாலர் 1871இல் முழு விவிலியத்தையும் அக்கான் மக்கள் பேசும் ட்வி மொழியில் கொண்டுவந்தபோது, ஆன்மாவுக்கு ஒக்ராவையே எடுத்துக்கொண்டார். பிறகு ஒக்ரா என்றால் ஆன்மா என்று எல்லோரும் திருப்பி எழுதத் தொடங்கினார்கள். (மங்களூர் ஓடு சுட்டதும் அதே மிஷன்தான், குண்டர்ட்டின் மலையாள அகராதி 1872இல் வெளிவந்தது. அவர்கள் உழைப்பைப் பழிக்க நான் யார்?) ஆனால் ட்வி மொழியில் ‘க்ரா’ என்றால் விடைபெறுதல். ஒருவர் பிறக்குமுன் ந்யாமேயிடம் விடைபெற்று வருகிறார், அப்போது பெற்ற சொல்லே அவருடைய ந்க்ரபெயா, அதாவது வாழ்வின் போக்கு என்று விளக்குபவர்கள் உண்டு. நாம் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது சொல்லிக்கொண்டு கிளம்புகிறோமே, அப்படிச் சொல்லிக்கொண்டு வந்தது ஒக்ரா. தாயிடமிருந்து மோக்யா என்னும் குருதியும் அதன்வழி குலமும், தந்தையிடமிருந்து ந்தொரோ என்னும் தந்தைவழி இயல்பும் வருகின்றன. ஒக்ரா மட்டும் நேரே அங்கிருந்து வருகிறது.

சுன்சும் வேறு. அது ஒருவரின் மிடுக்கு, ஆளுமையின் விசை. மக்களினத்துக்கும் அது உண்டு. ஒகொம்ஃபோ அனோக்யே வானிலிருந்து இறக்கியதாகச் சொல்லப்படும் பொன்னாசனத்தில் அசாந்தி மக்கள் அனைவரின் சுன்சும் உறைகிறது. அதனால் மன்னரும் அதில் அமர்வதில்லை. வெள்ளியன்று இறங்கியது என்பதால் அதன் பெயர் சிக்கா ட்வா கோஃபி. 1900இல் ஆங்கிலேய ஆளுநர் ஹாட்ஜ்சன், தாம் உட்கார அந்த ஆசனத்தைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டார். யா அசந்தேவா என்ற அரசத்தாய் படை திரட்டினார். ஹாட்ஜ்சனுக்கு அது ஒரு நாற்காலி. உங்கள் பட்டியலில் சுன்சும் ‘ஆவி’ ஆனதைப் பார்த்தபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள், இவ்வளவு தூரம் தேடிப் படித்து எழுத முனைந்ததற்காக உங்கள்மேல் எனக்கு வாஞ்சைதான்.

கட்டுரையில் ‘ஆன்மா’ வந்த இடங்களிலெல்லாம் ‘ஒக்ரா’வைப் போட்டுப் பாருங்கள். நிற்காத வாக்கியங்களைத் திரும்ப எழுதி எனக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது நீங்கள் பிறந்த கிழமையையும் எழுதுங்கள், நட்சத்திரம் வேண்டாம்.