புடாபெஸ்ட் இசை விழா: கோட்டையூர் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகுமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 27. கோட்டையூரில் வீட்டிலிருந்தபடியே சென்னை மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். பிடித்தம் போக மாதம் 58,000 ரூபாய் வருகிறது. வீட்டுக்கு 15,000, என் செலவு 12,000, மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்ஐபி 8,000, ஸ்கூட்டர் தவணை 4,200, ஏலச்சீட்டு 5,000. வங்கியில் வைப்புநிதியும் சேமிப்புமாக 3,40,000 இருக்கிறது. கல்லூரித் தோழிகள் மூன்று பேர் ஆகஸ்டில் ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டில் நடக்கும் சிகெட் இசை விழாவுக்குப் போகிறார்கள். கூடாரம் போட்டுத் தங்கி, பகலும் இரவும் பாட்டுக் கேட்பது. அப்படியே வியன்னா, பிராக் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். ஆளுக்கு ஒன்றரை லட்சம் ஆகும், வட்டியில்லாத இஎம்ஐ-யில் 12 மாதத்தில் கட்டிவிடலாம் என்கிறார்கள். அம்மா "அந்தக் காசுக்கு நகை எடு" என்கிறார். எங்கள் பங்கு வீட்டில் ஓடு மாற்ற, பங்காளிகள் பேசியபடி என் பங்காக 60,000 தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அப்பாவிடம் அலுவலகப் பயணம் என்று சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன். பழனிக்கு 11 வருடம் நடந்த அப்பத்தா மட்டும் "போயிட்டு வாடி" என்கிறார். போகலாமா?
- வாசகி, கோட்டையூர்

பதில்: போகலாம். ஆனால் தோழிகள் போட்ட திட்டத்தில் போகக் கூடாது. இஎம்ஐ வேண்டாம், வியன்னாவும் பிராக்கும் இந்த முறை வேண்டாம், அப்பாவிடம் பொய்யும் வேண்டாம். இந்த மூன்றுக்கும் சம்மதம் என்றால் உங்கள் கையில் இருக்கும் காசிலேயே போய் வரலாம். கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் சொல்கிறேன்.

முதலில் அந்த ஒன்றரை லட்சத்தைப் பார்ப்போம். விழா டிக்கெட்டும் விமானக் கட்டணமும் மட்டும் வைத்துப் போட்ட தொகை மாதிரி தெரிகிறது. நான் எழுதிப் பார்த்தது இது. கூடாரம் போடும் உரிமையோடு விழா டிக்கெட் 36,000. சென்னையிலிருந்து போக வர விமானம் 72,000. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணமும் சேர்த்து 11,500. கைரேகை கொடுக்க நேரில் போய் வர 3,500. பயணக் காப்பீடு 2,500. கூடாரம், ஸ்லீப்பிங் பேக், மழைச் சட்டை என்று 12,000. விழா நாட்களில் சாப்பாட்டுக்கும் சில்லறைச் செலவுக்கும் நாளைக்கு 3,500 வீதம் ஆறு நாளைக்கு 21,000. விழாவுக்கு முன்னும் பின்னும் நகரில் தங்க 9,000. மொத்தம் 1,67,500. இதோடு வியன்னா, பிராக் நான்கு நாளுக்கு 48,000 சேர்த்தால் 2,15,500. ஒன்றரை லட்சம் எங்கே, இது எங்கே! விமானக் கட்டணம் நாளுக்கு நாள் மாறும், மற்றவையும் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். ஆனால் தொகை இந்தப் பக்கம்தான் நிற்கும்.

இப்போது உங்கள் பக்கம் வருவோம். நீங்கள் எழுதிய செலவெல்லாம் மாதம் 44,200. மிச்சம் 13,800. வேலைக்கு ஏதாவது ஆனால் எஸ்ஐபி-யை நிறுத்திக்கொள்ளலாம், மற்றதை நிறுத்த முடியாது. அது மாதம் 36,200. ஆறு மாதத்துக்கு 2,17,200 ரூபாயை ஒதுக்கிவிடுங்கள். அதன் மேல் யாரும் கை வைக்கக் கூடாது, நீங்களும்தான். உங்களுடைய 3,40,000-ல் அது போனால் 1,22,800. ஓடு மாற்றத் தருவதாகச் சொன்ன 60,000 போனால் 62,800. நீங்கள் விருப்பப்படி செலவு செய்யக்கூடிய பணம் இன்றைக்கு இவ்வளவுதான். வங்கிப் புத்தகத்தில் 3,40,000 தெரிவதால்தான் எல்லாம் முடியும் என்று தோன்றுகிறது.

ஓடு மாற்றும் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதைத் தள்ளிப்போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஓட்டு வேலையை வெயில் காலத்திலேயே முடித்தாக வேண்டும். ஐப்பசி அடைமழை வந்துவிட்டால் ஓட்டு வழியே இறங்கும் தண்ணீர் மரச்சட்டத்தில் ஊறி, சுவரில் இறங்கும். இன்றைக்கு 60,000-ல் முடிகிற வேலை, மரம் மாற்றுகிற வேலையாகப் பெருகிவிடும். அதுவும் பங்கு வீடு. ஒருவர் பணம் தாமதமானால் மொத்த வேலையும் நிற்கும், பேச்சு வேறு வளரும். நான் பார்த்த பல குடும்பங்களில் மனக்கசப்பு தொடங்கிய இடம் இந்த மராமத்துக் கணக்குதான். எனவே விழா டிக்கெட்டுக்கு முன்னால் அந்த 60,000 உங்கள் கையை விட்டுப் போயிருக்க வேண்டும்.

அந்த "வட்டியில்லாத இஎம்ஐ" பற்றி. ஒன்றரை லட்சத்தை 12 மாதமாகப் பிரித்தால் மாதம் 12,500. உங்கள் மாத மிச்சமோ 13,800. ஒரு வருடம் முழுக்க மாதம் 1,300 ரூபாய் மிச்சத்தில் வாழ வேண்டியிருக்கும். பல் வலி வந்தால் போதும், கிரெடிட் கார்டைத்தான் நீட்டுவீர்கள். அந்தக் கார்டில் பாக்கி வைத்தால் மாதத்துக்கு மூன்று, மூன்றரை சதவீதம் வட்டி, வருடத்துக்கு நாற்பது சதவீதத்தைத் தொடும். வட்டியில்லை என்பதிலும் பெரும்பாலும் செயலாக்கக் கட்டணமும் ஜிஎஸ்டியும் உண்டு. மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடியும் உங்களுக்குக் கிடைக்காது. இன்னொன்றும் கவனியுங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாவை மொத்தத் திட்டமாக ஒரு நிறுவனத்திடம் வாங்கினால், முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் என்று வரி பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை உங்கள் பணம் முடங்கிக் கிடக்கும். டிக்கெட், விமானம், தங்குமிடம் எல்லாவற்றையும் நீங்களே தனித்தனியாக வாங்கினால் இந்தத் தொகைக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். அவசரத்துக்காக அதிகம் தள்ளி எடுத்தால் தள்ளுத் தொகை அப்படியே நட்டம். பாட்டுக் கேட்கப் போவது அவசரம் இல்லை. (அந்தச் சீட்டு பதிவு செய்யப்பட்டதுதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் நடத்துகிறார் என்பது பதிவுக்கு ஈடாகாது.)

அப்படியானால் பணம் எங்கிருந்து வரும்? பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை ஆறு மாத மிச்சம் 82,800. கையில் உள்ள 62,800-ஐச் சேர்த்தால் 1,45,600. கூடாரச் சாமான்களை இருவருக்கு ஒன்றாக வாங்கிப் பங்கு போட்டால் அந்தச் செலவு 6,000 ஆகும், பயணத்தின் மொத்தம் 1,61,500-க்கு இறங்கும். இன்னும் 15,900 துண்டு விழுகிறது. இந்த இடத்தில், நான் வழக்கமாகச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதம் எஸ்ஐபி-யை நிறுத்தி வையுங்கள். ரத்து செய்ய வேண்டாம், தற்காலிகமாக நிறுத்தும் வசதி இருக்கிறது. 24,000 கிடைக்கும். துண்டு அடைந்து 8,100 கைக்காவலாக நிற்கும். எஸ்ஐபி-யை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனாலும் கடன் வாங்குவதைவிட இது நூறு மடங்கு மேல். 27 வயதில் மூன்று மாதத் தவணை போனால் ஈடுகட்டிவிடலாம், நான்கு சிநேகிதிகளும் ஒரே நேரத்தில் விடுப்பு எடுக்கும் ஆகஸ்ட் மறுபடி எப்போது வருமோ தெரியாது.

அம்மா சொல்வதைத் தட்டிவிடாதீர்கள். அவர் கேட்பது நகையை விட, கையில் ஏதாவது நிற்க வேண்டும் என்பதைத்தான். ஆனால் இந்தப் பணத்தை நகையாக்கினால் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் போய்த்தான் தங்கமாக நிற்கும். விற்கப் போனால் அந்தச் செலவு திரும்பாது. உங்கள் ஆறு மாதக் காவல் பணத்தை அவரிடம் காட்டுங்கள். "இது தொடாமல் இருக்கிறது அம்மா" என்றால் அவருக்குப் பாதி கவலை போய்விடும்.

இப்போது, இந்தப் பதிலிலேயே முக்கியமான தொகைக்கு வருகிறேன். அது 51,000. விழா டிக்கெட் 36,000, விசாவுக்கு 11,500, நேரில் போய் வர 3,500. விசா மறுக்கப்பட்டால், விமானம் ஏறாமலேயே நீங்கள் இழக்கக்கூடிய பணம் இது. விசாக் கட்டணம் எந்த நிலையிலும் திரும்பாது. விழா டிக்கெட்டுக்கும் பெரும்பாலும் பணம் திரும்பாது, அதிகாரபூர்வ மறுவிற்பனை இருந்தால் கொஞ்சம் மீளும். விசா மறுப்பைப் பெரும்பாலான காப்பீடுகள் ஏற்பதில்லை. எனவே 1,61,500 இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், 51,000 போனாலும் ராத்திரி தூக்கம் வருமா என்று உங்களையே கேளுங்கள். வராது என்றால் இந்த வருடம் விட்டுவிடுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வரும் என்றால் அந்தத் தொகையை 51,000-க்கு மேல் போகவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். விசா கைக்கு வரும்வரை விமானத்துக்கு முழுப் பணம் கட்ட வேண்டாம், விண்ணப்பத்துக்கு முன்பதிவைப் பிடித்து வைத்திருந்தால் போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். நீங்கள் ஏப்ரல் இறுதியில் விண்ணப்பித்தால், மே மாதம் விமானத்துக்குப் பணமும் சேர்ந்திருக்கும். பாஸ்போர்ட் திரும்பும் தேதிக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், அதை இன்றே பாருங்கள். வங்கிக் கணக்கில் கடைசி நேரத்தில் யாரிடமாவது வாங்கிப் பெரிய தொகை போடாதீர்கள். திடீரென்று ஏறிய பணத்தை விசா அதிகாரிகள் சந்தேகமாகப் பார்ப்பார்கள், மாதாமாதம் ஏறி இறங்கும் உங்கள் சம்பளக் கணக்கே நல்ல சாட்சி.

விசா வந்த பிறகும் விழாவே தடைபட வாய்ப்புண்டு. ஜெர்மனியில் வாக்கன் என்ற ஊரில் நடக்கும் பெரிய விழாவில், 2023 ஆகஸ்டில் மழை பெய்து வயல் முழுக்கச் சேறானது. அதுவரை வந்து சேராத ரசிகர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். டிக்கெட் பணம் திரும்பியது. ஆனால் தொலைதூரத்திலிருந்து கிளம்பியவர்களின் பயணச் செலவை விழாக்காரர்கள் எப்படித் தருவார்கள்? ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதை மட்டும் பார்த்து மலிவானதை எடுக்காமல், பயணம் ரத்தாவதற்கும் தாமதத்துக்கும் எதை எதை ஏற்கிறார்கள் என்று வரி வரியாகப் படித்து எடுங்கள்.

அங்கே போன பிறகு ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுவார்கள். ஹங்கேரி ஷெங்கனில் இருந்தாலும் அங்கே நாணயம் யூரோ இல்லை, ஃபோரிண்ட். யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டைத் தேய்த்தால் யூரோவிலிருந்து ஃபோரிண்டுக்கு மாற்றும்போது இன்னொரு கட்டணம் விழும். நம் கிரெடிட் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் போடுவார்கள், ஆயிரத்துக்கு 41 ரூபாய். அந்தக் கட்டணம் இல்லாத கார்டு ஒன்றை இப்போதே வாங்கி வையுங்கள். கடைக் கருவி "ரூபாயில் எடுக்கவா?" என்று கேட்டால் ஃபோரிண்ட் என்று அழுத்துங்கள், ரூபாய் என்றால் அவர்கள் வைத்த விலைதான் மாற்று விகிதம்.

வியன்னாவையும் பிராக்கையும் விடச் சொன்னதில் எனக்கே வருத்தம்தான். ஆனால் நீங்கள் கடிதத்தில் ஆசையாக எழுதியது கூடாரத்தையும் பாட்டையும் பற்றி. அந்த நகரங்களைத் தோழிகள் சேர்த்திருக்கிறார்கள். சிகெட் என்றால் ஹங்கேரிய மொழியில் தீவு. தன்யூப் நதி நடுவே உள்ள ஓபுடா தீவில் 1993 முதல் அந்த விழா நடக்கிறது. அதற்குத்தான் நீங்கள் போகிறீர்கள். 48,000 ரூபாய் எடுத்துக்கொள்ளும் நான்கு நாள், உங்கள் காவல் பணத்தில் கை வைக்காமல் வராது.

51,000 விஷயம் மனதை உறுத்தினால் இன்னொரு வழி. அருணாசலப் பிரதேசத்தில் ஜிரோ பள்ளத்தாக்கில் 2012 முதல் ஓர் இசை விழா நடக்கிறது. அபதானி மக்களின் நெல் வயல்களுக்கு நடுவே, அங்கேயும் கூடாரம்தான். செப்டம்பர் மாதம் என்பதால் மழைச் சட்டை அவசியம். விசா வேண்டாம், உள்நாட்டு நுழைவு அனுமதி போதும், அதை இணையத்திலேயே வாங்கலாம். குவாஹாட்டி வரை விமானம், அங்கிருந்து ராத்திரி ரயிலில் நாகர்லகுன், பிறகு மலைப்பாதை. கையில் இருக்கும் 62,800-க்குள், எஸ்ஐபி-யை நிறுத்தாமலே முடித்துவிடலாம். கூடாரத்தில் நான்கு ராத்திரி தூங்க உங்களால் முடிகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

கடைசியாக அப்பா விஷயம். அது உங்கள் வீட்டு விவகாரம், ஆனால் பணக் கணக்கிலும் வருவதால் சொல்கிறேன். அங்கே பாஸ்போர்ட் தொலைந்தாலோ, காய்ச்சலில் படுத்தாலோ, நீங்கள் முதலில் கூப்பிடப் போவது அப்பாவைத்தான். அலுவலகப் பயணம் என்று சொல்லியிருந்தால் அந்த அழைப்பைத் தள்ளிப்போடுவீர்கள், தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் பணமாகவும் கூடும். அவரிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். முதல் வரியில் ஓடு மாற்ற 60,000 கொடுத்தாயிற்று என்று இருக்கட்டும். இரண்டாம் வரியில் தொடாத 2,17,200. மூன்றாம் வரியில்தான் புடாபெஸ்ட். பேசும்போது அப்பத்தாவும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். தைப்பூசத்துக்கு நடந்து, வழியில் கிடைத்த இடத்தில் துண்டை விரித்துப் படுத்து 11 வருடம் போய் வந்தவர் அவர். கூடாரத்தில் தங்குவது என்றால் என்ன என்று உங்கள் அப்பாவுக்கு அவரே சொல்லட்டும்.