காட்டுக்கு மேலே ட்ரோன்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விடுமுறைக்கு முதுமலை, டாப்சிலிப் பக்கம் கிளம்புகிறவர்களுடையவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

சார், காட்டில் ட்ரோன் பறக்கவிடலாமா? (கோவை)

எந்தக் காடு? காப்புக்காடா, சரணாலயமா, தேசியப் பூங்காவா? ட்ரோன் என்ன எடை, எதற்காகப் பறக்கவிடுகிறீர்கள்? எதுவுமே எழுதாமல் கேட்டால் நான் என்னவென்று சொல்ல? எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: எழுத்தில் அனுமதி இல்லையென்றால் பெட்டியைத் திறக்காதீர்கள்.

என் ட்ரோன் 249 கிராம். 250-க்குக் கீழே இருந்தால் விதியே கிடையாதாமே? (திருப்பூர்)

யார் சொன்னது? 2021 ட்ரோன் விதிகளில் நானோ வகைக்கு (250 கிராம் வரை) விமானி சான்றிதழ் தேவையில்லை என்று ஒரு சலுகை இருக்கிறது. அது விமானத் துறை கொடுத்தது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கிராம் கணக்கு எங்கேயும் இல்லை.

அரசின் ட்ரோன் வான்வெளி வரைபடமான டிஜிட்டல் ஸ்கையில் பச்சை காட்டுகிறது. 400 அடி வரை யார் அனுமதியும் வேண்டாம் என்கிறார்கள். பிறகு வனத்துறை எப்படித் தடுக்க முடியும்? (ஈரோடு)

அந்தப் பச்சை வானத்துக்கு. கீழே இருக்கும் காட்டுக்கு அல்ல. 2018-இல் வந்த பழைய விதியில், பூங்காக்களைச் சுற்றி அறிவிக்கப்பட்ட சூழல் கூருணர்வு மண்டலங்களில் முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது. 2021 விதிகள் எல்லாவற்றையும் வரைபடத்திடம் விட்டுவிட்டன. குழப்பம் அங்கேதான் தொடங்கியது. பூங்காவுக்குள் நுழைவதும் படமெடுப்பதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27, 28-ஆம் பிரிவுகளில் வருகின்றன. அதற்கு அனுமதி தருகிறவர் தலைமை வன உயிரினக் காப்பாளர். மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ட்ரோனையும் பறிமுதல் செய்வார்கள்.

போன மாதம் சாலையோரம் யானைக் கூட்டத்தை 30 அடி உயரத்தில் வைத்து எடுத்தேன். அவை ஓடவில்லை, அப்படியே நின்றன. தொந்தரவே இல்லாதபோது ஏன் இவ்வளவு கெடுபிடி? (சேலம்)

இந்த "ஓடவில்லை" என்ற வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கருங்கரடிகளுக்கு இதயத் துடிப்பை அளக்கும் கருவி பொருத்தி, மேலே ட்ரோன் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலும் கரடிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் துடிப்பு எகிறியது. ஒரு கரடிக்கு நிமிடத்துக்கு 40 சொச்சத்திலிருந்து 160-க்குப் போனது. வெளியே நின்று பார்க்கிறவனுக்கு அது தெரியாது, உங்கள் கேமராவுக்கும் தெரியாது.

யானைக்கு வருவோம். குட்டியை நடுவே தள்ளிவிட்டு நெருக்கமாக நின்றனவா? காதை விரித்துத் தும்பிக்கையைத் தூக்கினவா? அது பயம். உங்கள் வீடியோவையே மறுபடி போட்டுப் பாருங்கள். தேனீ இரைச்சல் கேட்டால் யானை ஒதுங்கிப் போகும். ட்ரோன் சத்தமும் கிட்டத்தட்ட அப்படித்தான். கென்யாவிலும் தான்சானியாவிலும் விளைநிலத்துக்கு வரும் யானைகளை ட்ரோனை வைத்தே விரட்டுகிறார்கள். விரட்டப் பயன்படும் ஒன்றைத் தலைக்கு மேல் நிறுத்திவிட்டுத் தொந்தரவில்லை என்கிறீர்கள்! மிரண்ட கூட்டம் சாலைக்கு வந்தால், எதிரே சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்தான் மாட்டுவார். நீங்கள் காருக்குள் இருப்பீர்கள்.

பறவைகள் கதை இன்னும் மோசம். 2021-இல் கலிபோர்னியாவின் போல்சா சிகா காப்பகத்தில் ஒரே ஒரு ட்ரோன் விழுந்ததில் ஆலாப் பறவைகள் கூட்டமாகக் கிளம்பிப் போய்விட்டன. 1,500 முட்டைகளுக்கு மேல் அநாதையாகக் கிடந்தன. நம் மோயாற்றங்கரை மரங்களில் கூடு கட்டும் பாறுக் கழுகு வருடத்துக்கு ஒரே முட்டைதான் இடும். அது போனால் அந்த வருடமே போயிற்று.

மசினகுடியில் எங்கள் சொந்தப் பட்டா நிலத்தில், ரிசார்ட் விளம்பரத்துக்காக? (ஊட்டி)

பட்டா தரைக்குத்தான். மசினகுடி, முதுமலை புலிகள் காப்பகத்தின் வெளிவட்டப் பகுதி. முதலில் காப்பகத்தின் கள இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். எழுத்தில் பதில் வந்த பிறகு படப்பிடிப்பு.

வனத்துறையே பறக்கவிடுகிறதே? (பொள்ளாச்சி)

ஆமாம். 2021-இல் மசினகுடிப் பக்கம் ஆட்களைக் கொன்ற டி-23 என்ற புலியைத் தேடியபோது ட்ரோனும் பறந்தது. ஆள் உயிர் போய்க்கொண்டிருந்தது. அதுவும் உங்கள் ரீல்ஸும் ஒன்றா?

ட்ரோன் காட்டுக்குள் விழுந்துவிட்டது. நாங்களே போய் எடுத்துக்கொள்ளலாமா? (மைசூரு)

கூடாது. அனுமதியின்றி உள்ளே கால் வைப்பதே தனிக் குற்றம். விழுந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்களைக் குறித்துக்கொண்டு உடனே வனச்சரகர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். மாட்டிக்கொள்வோம் என்று மறைக்காதீர்கள். அடிபட்ட லித்தியம் பேட்டரி சிறிது நேரம் கழித்தும் தீப்பிடிக்கும். மார்ச், ஏப்ரலில் காய்ந்த உண்ணிச்செடிப் புதருக்குள் அது கிடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மகன் அமெரிக்காவில் இருக்கிறான். யெல்லோஸ்டோனுக்கு ட்ரோன் கொண்டு போகலாமா? (திருச்சி)

வேண்டாம். அங்கே 2014 முதல் தேசியப் பூங்காக்களில் தடை. 6 மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். அதே வருடம் அங்குள்ள பெரிய வண்ண வெந்நீர் ஊற்றில் ஒருவர் ட்ரோனை விழவிட்டு 3,000 டாலருக்கு மேல் கட்டினார்.

செக்போஸ்டில் இருந்த காவலர் "சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க" என்றார். அது போதுமா? (நாமக்கல்)

போதாது. அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. நீங்கள் மாட்டினால் அவர் வேலையும் போகும். எழுத்தில் வாங்குங்கள்.