ஓய்வு நாளில் துவைத்த காலுறைகள்

கேள்வி: 27 ஆண்டுகள் பாரிஸ் உணவகச் சமையலறைகளில் வேலை செய்து ஓய்வு பெற்ற என் அப்பாவை (வயது 66), இந்தக் கோடையில் ஸ்பெயினின் சாந்தியாகோவுக்குப் பிரான்ஸ் வழியாக நடந்து போகும் யாத்திரைப் பாதையில் அழைத்துச் சென்றேன். தென்மேற்குப் பிரான்சில் ஃபிஜாக் ஊரிலிருந்து ஐந்து நாள் நடந்து காஓர் நகரை அடைந்தோம். மறுநாள் ஓய்வு. ஆறுதலாக ஊர் பார்க்கலாம் என்று மணிக்கணக்குப் போட்டுப் பட்டியல் வைத்திருந்தேன். அப்பாவோ சந்தையோடு நின்று, “நீ போட்டு வா பிள்ளை” என்று விடுதிக்குத் திரும்பிவிட்டார். தேவாலயம், வலாந்த்ரே பாலம், சேன் சீர் குன்று எல்லாவற்றையும் தனியாகப் பார்த்துவிட்டு மாலையில் வந்தபோது, என் காலுறைகளையும் சேர்த்துத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வாசலில் இருந்தார். எதிலும் ஆர்வம் இல்லாத அவரை அடுத்த ஆண்டும் அழைத்துப் போவதா, தோழிகளுடன் போவதா?
— ஒரு வாசகி, பாரிஸ்

பதில்:

உங்கள் காலுறைகளை அவர் ஏன் துவைத்தார் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா, மகளே? கடிதத்தில் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த ஆண்டுத் திட்டத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியை விட்டு நகரப் போவதில்லை. 27 ஆண்டுகள் பிறர் உண்ட தட்டுகளுக்காகத் தண்ணீரில் கை ஊறிய மனிதர், தமக்கென்று கிடைத்த ஓய்வு நாளிலும் குனிந்து நின்று மகளின் ஐந்து நாள் வியர்வையைக் கசக்கிப் பிழிந்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகும் அவருக்கு எதிலும் ஆர்வம் இல்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

ஃபிஜாக்கிலிருந்து காஓர் வரையான வழி, நிழல் குறைந்த சுண்ணாம்புக்கல் மேட்டு நிலத்தின் மீது ஏறக்குறைய 90 கிலோமீட்டர் செல்கிறது. அந்தக் கற்கள் பழக்கமில்லாத பாதத்தை என்ன செய்யும் என்பது நடந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் உங்கள் நீண்ட கடிதத்தில் அப்பாவின் பாதத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவர் சப்பாத்தைக் கழற்றியபோது கொப்புளம் இருந்ததா, முழங்கால் வீங்கியிருந்ததா என்று நீங்கள் பார்க்கவில்லை. “கால் நோகுது” என்று பிள்ளையிடம் சொல்லும் வழக்கம் அந்தத் தலைமுறைத் தகப்பன்மாருக்குக் கிடையாது. “நீ போட்டு வா” என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டுப் புரிந்துகொள்வது பிள்ளையின் கடமை என்றே நான் நம்புகிறேன். அவர் வாய்விட்டுச் சொல்லவில்லையே என்ற சமாதானத்தை நான் ஏற்க மாட்டேன்.

ஓய்வு நாளை எடுத்தது யாருக்காக? இருவரில் மெதுவாக நடப்பவருக்காக. நீங்களோ அன்று செங்குத்தான குன்றில் ஏறி இறங்கி, ஆறாவது நாள் நடையை நடந்து முடித்திருக்கிறீர்கள். காஓர் அப்படி ஓடிப் பார்க்க வேண்டிய ஊரே அல்ல. லொட் ஆறு மூன்று பக்கமும் வளைத்து நிற்கும் சிறிய நகரம் அது. 1308-இல் கட்டத் தொடங்கிய வலாந்த்ரே பாலம் முடிய 70 ஆண்டுகள் பிடித்தன. அதன் மூன்று கோபுரங்களையும் கரையில் அமர்ந்தே பார்க்கலாம். கட்டட வேலை இழுத்தடித்ததால் சாத்தானோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மேஸ்திரி, கடைசியில் சல்லடையில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவனை ஏமாற்றினான் என்றும், அந்தக் கோபத்தில் சாத்தான் நடுக்கோபுரத்துக் கல் ஒன்றை இரவுதோறும் பெயர்த்தான் என்றும் அங்கே கதை சொல்வார்கள். 1879-இல் பாலத்தைப் பழுதுபார்த்த போல் கூட் என்ற கட்டடக் கலைஞர், அந்த இடத்தில் சிறிய சாத்தான் உருவம் செதுக்கிய கல்லைப் பதித்தார். ஆற்றங்கரையில் இருந்து இந்தக் கதையை அப்பாவுக்குச் சொல்ல எத்தனை கிலோமீட்டர் நடக்க வேண்டும்?

எனக்கு அதைவிட வலிப்பது சந்தை. காஓரில் புதனும் சனியும் தேவாலயத்து முன்றலில் காலைச் சந்தை கூடும். கேர்சி வட்டாரத்து முலாம்பழமும், ரொக்கமதூர் என்ற ஆட்டுப்பால் சீஸும், வால்நட்டும் அந்த மண்ணின் பொருள்கள். இவற்றையெல்லாம் பாரிஸின் பின்கட்டுகளில் அறுத்தும் அடுக்கியும் அனுப்பிய மனிதர், அவை விளையும் இடத்தில் முதன்முறையாக வாங்குபவராக நின்றிருக்கிறார். அவர் உங்களுக்கு ஊரைக் காட்டியிருக்கக்கூடிய ஒரே இடம் அது. எந்தப் பழம் எப்போது வெட்டலாம் என்பதை முகர்ந்தே சொல்லியிருப்பார். உங்கள் பட்டியலில் அந்தச் சந்தைக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கியிருந்தீர்கள்?

தோழிகளுடன் போவதில் தவறில்லை, போங்கள். ஆனால் அதற்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை பாரிஸின் ஒஸ்தர்லிட்ஸ் நிலையத்தில் அப்பாவுடன் ரயில் ஏறி, நடைத்தடி எதுவும் இல்லாமல் காஓரில் இறங்குங்கள். சனிக்கிழமை காலையில் பையையும் பணத்தையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு அடி பின்னால் நடங்கள். அவர் நிற்கும் கடையில் நில்லுங்கள். மத்தியானம் ஆற்றங்கரையில் அவர் வெட்டித் தரும் பழத்தைச் சாப்பிடும்போது, அந்த ஐந்து நாளும் கால் எப்படி இருந்தது என்று கேளுங்கள். முதலில் “ஒன்றுமில்லை” என்பார், இன்னொரு தடவை கேளுங்கள். அடுத்த ஆண்டு யாரோடு என்ற பேச்சை அதுவரை வீட்டில் எடுக்க வேண்டாம்.